வடக்குத் தலை

வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று ஆழித்துறையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்களும் கோயில்காரர்களும் தண்ணீர்க் குழாயிலிருந்து தேர் போகும் தெருவரை எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே வாயாகப் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊர், கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், ஒருவர் பாக்கியில்லாமல் வடக்கே தலைவைத்து எழுந்தது. கிழக்கே தலைவைத்துப் படுத்தவரும் வடக்கே எழுந்தார், தெற்கே தலைவைத்துப் படுத்தவரும் வடக்கே எழுந்தார், கட்டிலில் படுத்தவர்கள் குறுக்கே கிடந்து காலும் தலையும் அந்தரத்தில் தொங்க எழுந்தார்கள், தலையணையில் பாதத்தைக் கண்ட பெண்கள் புருஷன்தான் குடித்துவிட்டு வந்து விளையாடியிருக்கிறான் என்று ஏசிக்கொண்டே எழுந்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

முதலில் பரிகாரம் செய்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், சேலையால் காலைக் கட்டில்காலோடு கட்டிப் படுத்துப் பார்த்தார்கள், கட்டிலே திரும்பியது. பிறகு, எந்த அதிசயத்துக்கும் ஊர் எப்படிப் பழகுமோ அப்படி இதற்கும் பழகியது. தச்சர்கள் வட்டக் கட்டில் செய்யத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் நர்சுகள், உறங்கும் நோயாளி கடிகார முள்போல மெல்லத் திரும்பும்போது குளுக்கோஸ் குழாய் கழுத்தைச் சுற்றாமலிருக்க, பாட்டிலை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். வடக்குச் சுவரை ஒட்டிப் படுத்தவர்கள் மண்டை இடித்து வீங்கி வந்தார்கள். சென்னைக்குக் கேஸ் விஷயமாகப் போன வக்கீல் லாட்ஜில் தெற்கே தலைவைத்து எழுந்தார், அதாவது ஊரைப் பார்த்து. கப்பலில் வேலை பார்க்கும் பையன்கள் எங்கேயோ அரபிக்கடல் நடுவில் தங்கள் ஒடுங்கிய படுக்கையில் ஆழித்துறையை நோக்கித் திரும்பித் திரும்பிக் கீழே விழுந்தார்கள். கூட இருந்த பிற நாட்டுக்காரர்கள், பாவம், வீட்டு நினைப்பு என்று தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

காரணத்தையும் ஊரே கண்டுபிடித்தது. புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் உறக்கத்தில் திரும்பவில்லை. மாதம் சில கழிந்து அவருக்கும் ஊர் இருமல் பிடித்த பிறகு திரும்பினார். பிறந்த குழந்தை திரும்பவில்லை. அதற்கு முதல் சளி கட்டி, மார்பில் பூனை உறுமுவதுபோலச் சத்தம் வந்த பிறகு திரும்பியது. போதாதா? நெஞ்சில் போய்ப் படிந்த புகை, ஆள் கண்ணயர்ந்ததும், தான் பிறந்த இடத்தைத் தேடித் தலையைத் திருப்புகிறது. வடக்கே என்ன இருக்கிறது? அனல்நிலையம் இருக்கிறது, வானத்தில் இரண்டு விரலை ஊன்றியதுபோல இரண்டு புகைபோக்கிகள், ஊரின் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தெரியும். ஊர் பல வருஷமாக அதோடு வழக்காடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசுக்குச் சாட்சி எங்கே என்று கோர்ட்டில் கேட்டவர்களுக்கு இப்போது ஊரே சாட்சி.

ஆகவே ஊர் இதைச் சாபமாக நினைப்பதை விட்டுப் பெருமையாக நினைக்கத் தொடங்கியது. குழந்தை முதன்முதலாகத் திரும்பிய நாளைக் கொண்டாடினார்கள். ‘திசை பிடித்தாச்சு’ என்று தெருவுக்குச் சொல்லி, பாயாசம் வைத்து, தாய்மாமன் வட்டத் தலையணை வாங்கிவந்து, ‘நம்ம பிள்ளை, நம்ம ஊர்ப் பிள்ளை’ என்று குழந்தையின் உச்சியில் முத்தமிட்டார்கள். அந்தக் குழந்தை மூச்சுக்கு விம்மிக்கொண்டிருக்கும்; அதன் வாயில் ஒரு சொட்டுப் பாயாசத்தைத் தடவுவார்கள்.

இந்தக் கொண்டாட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஜெசிந்தா பாயாசத்தைத் தொடாமலே திரும்பிவிடுவாள். அவள் காற்றை அளக்கும் அலுவலகத்தில் என்ஜினியர். மொட்டைமாடி இயந்திரத்தில் வெள்ளை வட்டத்தாள் ஒன்றை வைப்பாள், மறுநாள் எடுக்கும்போது அது சட்டியடிபோலக் கறுத்திருக்கும். எவ்வளவு கறுப்பு என்று தாள் சொல்லும். எங்கிருந்து வந்த கறுப்பு என்று சொல்லாது. அதைச் சொல்லும் ஆய்வுக்கூடம் சென்னையில் இருந்தது, பதில் வர மாதங்கள் ஆகும். அதற்குள் கோர்ட் ஒரு விசாரணைக் குழுவை அனுப்புகிறது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில்; தூசு எங்கிருந்து வருகிறது என்று குழுவுக்கு முன்னால் அவள் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

ஊரும் குழுவுக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. ‘வெள்ளிக்கிழமை மதியம் மாபெரும் உறக்கப் போராட்டம். பாய் தலையணையோடு திரண்டு வாரீர்’ என்று சுவரெல்லாம் போஸ்டர். மாதா கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு, ஊரே சாப்பிட்டுவிட்டு வந்து படுத்து உறங்கும். ஆயிரம் தலை ஒன்றுபோல வடக்கே திரும்புவதை நீதிபதி தன் கண்ணால் பார்ப்பார். முன்னின்று நடத்தியவர் பர்னபாஸ், ஜெசிந்தாவின் மாமனார். மீனவர் கூட்டுறவு மீன்தூள் ஆலையின் தலைவர். விலைபோகாத பொடிமீனைக் காயவைத்து அரைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்பும் ஆலை அது, பெரிய படகில்லாத குடும்பங்கள் எல்லாம் அதில்தான் பங்கு வைத்திருந்தன, அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் அதில்தான் வேலை செய்தார்கள். மனைவியைப் பறிகொடுத்த மனிதர்; கப்பலில் இருக்கும் மகன், ஆலையில் மூட்டை தைக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மகள் பெல்சி, மருமகள் ஜெசிந்தா, பேரன் ஆல்வின் என்று அவர் உலகம் சுருங்கியிருந்தது. அதிலும் பேரன் பிறந்த பிறகு மற்றவர்கள் அந்த உலகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள்.

ஆல்வின் இன்னும் திசை பிடிக்கவில்லை. தவழத் தொடங்கிவிட்டான், பல் முளைத்துவிட்டது, ஆனால் உறங்கப்போட்டால் போட்ட திக்கிலேயே கிடந்தான். ஜெசிந்தா அவன் அறைச் சன்னலுக்கு ஈரத்துணி கட்டினாள், கதவிடுக்கில் துணியைத் திணித்தாள், காலையில் புகைமூட்டம் இறங்கும் நேரத்தில் அவனை வாசலுக்கே விடவில்லை. தெருவில் சிரித்தார்கள். “என்ஜினியரம்மா பிள்ளைக்கு மட்டும் ஊர் ஒட்டலையே.” பெல்சிக்கு அது உறுத்தியது.

“மதினி, பக்கத்து வீட்டுப் பிள்ளை மூணாம் மாசமே திரும்பிட்டு. இவனுக்கு நான் பட்டுத் தலையணை தச்சு வச்சிருக்கேன். நீங்க இப்படிப் பொத்திப் பொத்தி வச்சா எப்பத்தான் விருந்து வைக்கது?”

“வைக்க வேண்டாம் பெல்சி” என்பாள் ஜெசிந்தா. அதற்குமேல் சொன்னால் சண்டை வரும். காலையில் கண்விழித்ததும் முதலில் தொட்டிலைப் பார்ப்பாள். அவன் தலை வைத்த இடத்தில் இருந்தால் ஒரு மூச்சு விடுவாள். அந்த ஒரு மூச்சுதான் அன்றைக்கு முழுவதும் அவள் பயமில்லாமல் விடும் மூச்சு.

அப்படியிருக்கையில் அனல்நிலையம் பழுதுபார்ப்புக்காக அடியோடு நின்றது. இரண்டு புகைபோக்கிகளும் வெறுமையாக நின்றதை ஊர் அதிசயமாகப் பார்த்தது. ஜெசிந்தா தாளை வைத்தாள், எடுத்தாள், கறுப்பு. மறுபடி வைத்தாள், எடுத்தாள், அதே கறுப்பு. புதிதாக வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அனல்நிலையம் நின்று வெகுநாள் கழித்து இருமத் தொடங்கி, வடக்கே திரும்பினார்.

“பழைய புகை காத்துல கிடந்திருக்கும்” என்றார்கள் ஊரில். ஜெசிந்தாவும் அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் தாளை மூக்கருகே கொண்டுபோனபோது நிலக்கரி வாடை இல்லை; பழைய சைக்கிள் டியூப்பை அடுப்பில் போட்டால் வருமே, அந்த வாடை. அவள் வரைபடத்தை விரித்து, ஊரிலிருந்து அனல்நிலையத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். கோடு போகிற வழியில், அனல்நிலையத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே, கடற்கரையில் ஒரு சின்னச் சதுரம் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அது என்னவென்று அவளுக்கு வரைபடம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. அவள் வீட்டுச் சாப்பாடு அங்கிருந்துதான் வந்தது.

ஊரிலிருந்து பார்த்தால் இரண்டும் வடக்கே. ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும் இரண்டு ஆட்களில் யாரைப் பார்த்து நாய் குரைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பக்கவாட்டில் போய் நிற்க வேண்டும். மீன்தூள் ஆலைக்கு மேற்கே உப்பளம்.

புதன்கிழமை உச்சிவெயிலில் அவள் உப்பளத்துக்குப் போனாள். வெள்ளை வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து கண்ணைக் குத்தின. உப்பு வாருகிறவர்கள் கஞ்சி குடித்துவிட்டுக் கீற்றுக் கொட்டகையில் சாய்ந்திருந்தார்கள். அங்கே நின்றால் அனல்நிலையத்தின் இரண்டு விரலும் வடக்கே, மீன்தூள் ஆலையின் குட்டைப் புகைபோக்கி நேர் கிழக்கே. அவர்கள் உறங்கும்வரை ஜெசிந்தா கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணலில் சாக்கு உரசும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் தலை நகர்ந்தது. பக்கத்திலிருந்தவளின் தலை. பிறகு ஆண்கள். ஆலைப் புகையடியிலேயே வேலை பார்க்கிறவர்கள், வடக்கே ஒருவரும் போகவில்லை; எல்லாத் தலையும், மெதுவாக, மறுக்க முடியாத மெதுவாக, கிழக்கே வந்து நின்றன.

உறங்காமல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் என்பவளிடம், “எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டாள்.

“எப்பவும் இப்படித்தான் தாயி.”

“இதை ஏன் யார்ட்டயும் சொல்லலை?”

“கிழக்கே தலை வச்சா நல்லதுதான? வடக்கே போனாத்தான் கெட்டது. ஊருக்கு வந்த கேடு நமக்கு வரலைன்னு சந்தோசமா இருந்தோம்.”

கரையில் ஒரு பைக் வந்து நின்றது. அதில் இருந்த ஆலை ஆட்கள் இருவரும் இறங்கவில்லை. ஹெல்மெட் போட்டவன் கொட்டகையைப் பார்த்தான், உறங்குகிறவர்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “என்ன மேடம், இங்க வந்து என்ன அளக்குதிய?” என்றான், மரியாதையாகத்தான். அவள் போய் அலுவலக ஜீப்பில் ஏறினாள். அவள் ஜீப் ஊருக்குள் நுழையும்வரை அந்தப் பைக் பின்னாலேயே வந்தது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.

சாயங்காலம் பர்னபாஸ் பேரனை மடியில் போட்டுக் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். விஷயம் அவருக்கு முன்பே வந்துவிட்டது என்பது அவர் நிமிர்ந்து பார்க்காததிலேயே தெரிந்தது.

“மாமா, ஆலையில என்ன எரிக்கிறிய?”

“விறகு.”

“விறகு மட்டுமா?”

எண்ணெய்க் கை நின்றது. “விறகு கிடைக்காத நாள்ல துண்டு போட்ட டயர் போடுதோம். ஊர் உலகத்துல எல்லா ஆலையிலயும் போடுதான்.”

“கிடைக்காத நாள்லயா?”

அவர் குழந்தையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “விறகு விக்கிற விலைக்கு, ரெண்டு வருசமா கிடைக்கல” என்றார். உடனே குரல் உயர்ந்தது. “ஏ பிள்ள, அனல்நிலையத்துக் குழாய் எம்புட்டு உயரம், நம்ம குழாய் எம்புட்டு உயரம்? யானை லத்தி போட்ட இடத்துல எலிப்புழுக்கையைத் தேடிக்கிட்டு வாரியே!”

“உசரமான குழாய் புகையை ஊருக்கு மேலால தள்ளி எங்கேயோ கொண்டுபோயிடுது மாமா. நம்ம குழாய் பனைமரத்து உசரம். அது விடுற கரி நேரா நம்ம சன்னலுக்குத்தான் வருது.”

“அப்ப அவன் யோக்கியன், நான் திருடன்?”

“அவன் யோக்கியன்னு சொல்லலை. அவன் பங்கும் இருக்கு. ஆனா நம்ம நெஞ்சுல கிடக்கதுல பெரும்பங்கு நம்மது.”

அடுக்களை வாசலில் பெல்சி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஆலையை மூடிட்டா அத்தனை பொம்பளையும் எங்க போவாளுவ மதினி? ஒங்களுக்குக் கவர்மெண்டு சம்பளம். எங்களுக்கு?”

“மூடச் சொல்லலை பெல்சி. டயரை நிறுத்தணும்.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

பர்னபாஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். குரல் தணிந்திருந்தது, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. “வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத, பிள்ள. பத்து வருசத்து வழக்கு. கோர்ட்டுல நாம செயிக்கட்டும், அப்புறம் நானே டயரை நிறுத்துதேன். இப்ப நீ சொன்னா, ‘பாத்தியளா, குத்தம் ஒங்க மேலதான்’னு சொல்லி அவன் தப்பிச்சுப் போயிருவான். நாம செத்தும் தோத்துருவோம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை.

விஷயம் ஊருக்குள் புகையைவிட வேகமாகப் பரவியது. வியாழக்கிழமை பால்காரர் அவள் வீட்டைத் தாண்டிப் போனார். தெருக்குழாயில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் குடம் நிரம்பிய பிறகும் நகரவில்லை. அலுவலக ஜீப்பின் நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை, டிரைவர் தனக்கு வயிற்றுப்போக்கு என்று போனில் சொன்னான். கப்பலிலிருந்து பேசிய அவள் புருஷன், அப்பா சொல்வதைக் கேள் என்றான், பிறகு, “எனக்கு இங்க மூச்சு நல்லா இருக்கு ஜெசி, ஆனா தூக்கம் மட்டும் அங்கதான் பாக்குது” என்று சொல்லி வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒலிபெருக்கி அலறத் தொடங்கிவிட்டது. பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு சனம் சனமாக மைதானத்துக்குப் போனார்கள், திருவிழாவுக்குப் போவதுபோல. பெல்சியும் போய்விட்டாள். குழந்தையைப் பிடிக்க ஆளில்லை. ஜெசிந்தா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் ஆலைப் பெண்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியும் ஏசவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கொல்லைப்பக்கமாக இறங்கி, கருவேல மரங்களுக்குள் புகுந்து, உப்பளத்து வரப்பைப் பிடித்தாள். எங்கே போகிறோம் என்று யோசித்து நடக்கவில்லை. மைதானத்துக்குப் போய் எல்லார் முகத்துக்கும் முன்னால் நின்று சொல்லும் தைரியம் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச தூரம் தனியாக நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பின்னால் யாரோ மூச்சிரைக்க வந்தார்கள். பர்னபாஸ். தும்பைப்பூ வேட்டி, தோளில் போராட்டக் குழுவின் துண்டு.

“நில்லு பிள்ள! வெயில்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுத?”

“ஓடலை மாமா.”

“நீதிபதி வந்தாச்சு. ஒன்னைக் கேக்கான். வா. வந்து, வடக்கேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பொய்கூட இல்லையே அது? வடக்கேதான!”

வெயில் தாங்காமல் இருவரும் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அன்று அங்கே பேச்சித்தாயைத் தவிர ஆளில்லை. உப்பு வாருகிறவர்களும் மைதானத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். அவள் நடந்துவந்த ஆட்டத்தில் ஆல்வின் தோளிலேயே உறங்கிப்போயிருந்தான். பேச்சித்தாய் மணலில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள், ஜெசிந்தா முந்தானையை அதன்மேல் மடித்து அவனைக் கிடத்தினாள். தலை தெற்கே. அவள் பார்த்துத்தான் அப்படிக் கிடத்தினாளா என்று வெகுகாலம் கழித்துப் பெல்சி கேட்டபோது, அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

பர்னபாஸ் குழந்தை எழாதபடி ரகசியக் குரலில் பேசிக்கொண்டே போனார். வழக்குக்கு யார் யார் நகையை விற்றார்கள் என்று சொன்னார், அனல்நிலையம் வந்த வருஷம் கடலில் சுடுதண்ணீர் கலந்து இறால் வெந்து மிதந்ததைச் சொன்னார், ஆலையில் வேலைசெய்யும் ஒவ்வொருத்தி பேரையும் சொல்லி அவள் வீட்டு நிலைமையைச் சொன்னார், அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது, ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். “அதனாலதான் சொல்லுதேன், ஒரே ஒரு…” என்றவர் அந்த வார்த்தையை முடிக்கவில்லை.

சாக்கு மணலில் உரசியது.

ஆல்வினின் மார்பில் எங்கேயோ ஆழத்தில், பூனைக்குட்டி ஒன்று உறுமத் தொடங்கியிருந்தது. முந்தின இரவு இல்லாத சத்தம். ஈரத்துணியும் கதவிடுக்குத் துணியும் அத்தனை மாதம் தடுத்து வைத்திருந்தது எப்படியோ உள்ளே போய்விட்டிருந்தது. அவன் தலை தெற்கிலிருந்து புறப்பட்டது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னத் தலை, பால்மயிர் வியர்வையில் ஒட்டிய தலை, வில்போல வளைந்து வந்து கிழக்கே நின்றது, அங்கிருந்து அசையவில்லை.

கொட்டகை வாயிலுக்கு நேரே, வெயிலில் நடுங்கிக்கொண்டு, ஆலையின் குட்டைப் புகைபோக்கி நின்றது.

பர்னபாஸ் மண்டியிட்டார். வலை பின்னித் தடித்த இரண்டு கையாலும் பேரனின் தலையை ஏந்தி, கண்ணாடிப் பாத்திரத்தை நகர்த்துவதுபோல நகர்த்தி, வடக்கே வைத்தார். அனல்நிலையத்தை நோக்கி. கையை எடுத்தார். தலை கிழக்கே வந்தது. மறுபடி வடக்கே வைத்தார். “அங்க பாருடா ராசா, அங்க” என்றார். தலை கிழக்கே வந்தது. மூன்றாம் முறை வைத்து, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கழுத்து அவர் உள்ளங்கைக்குள்ளேயே, மெல்ல, பிடிவாதமாக, ஆலைப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

பேச்சித்தாய் விவரம் தெரியாமல், “ஐயாவுக்குப் பேரன் திசை பிடிச்சாச்சு, பாயாசம் எப்ப?” என்று சிரித்தாள்.

அவர் எழுந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வரப்பில் இறங்கி, ஊருக்குப் போகும் வழியை விட்டு, ஆலைக்குப் போகும் வழியில் நடந்தார். ஜெசிந்தா குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அந்தப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அதிலிருந்து கறுப்பாக வந்துகொண்டிருந்தது. பிறகு பழுப்பாக வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

மைதானத்தில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்கடியில் ஆயிரம் தலை வடக்கே திரும்பிக் கிடக்க, நீதிபதி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைக்கு நடுவே நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொதிகலனைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, சாம்பலும் கரியும் அப்பிய வேட்டியோடு பர்னபாஸ் வந்து நின்றார். பின்னாலேயே குழந்தையோடு ஜெசிந்தா வந்தாள்.

“ஐயா, இவங்களை எழுப்பி உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயி உறங்கச் சொல்லுங்க” என்றார். “பாதிக்குமேல எங்க ஆலையைப் பாத்துத் திரும்பும். நாங்க டயரை எரிச்சோம். என் உத்தரவு அது. அனல்நிலையத்துப் புகை கூடுதலா ஏறின மிச்சம் அதைப் பாத்துத் திரும்பும். ரெண்டையும் எழுதிக்கிடுங்க. ஒண்ணை மட்டும் எழுதாதிய.”

கேட்டவர்கள் பக்கத்திலிருந்தவர்களை எழுப்பினார்கள், எழுந்தவர்கள் கத்தினார்கள். ஒரு செருப்பு வந்து பர்னபாஸின் தோளில் விழுந்தது; யார் எறிந்தது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீதிபதி ஜெசிந்தாவைப் பார்த்தார். “நீங்கள் என்னம்மா சொல்கிறீர்கள்?” அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, “அவர் சொன்னதுதான் ஐயா” என்றாள். பிறகு அளந்ததையும் பார்த்ததையும் முழுசாகச் சொன்னாள், கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே, இருமல் வந்து இரண்டு முறை நிறுத்தி.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் குழு ஊரை உப்பளத்தில் உறங்கவைத்துப் பார்த்தது. பர்னபாஸ் சொன்னபடியே இருந்தது. ஊரே கிழக்கும் வடக்குமாகப் பிரிந்து கிடந்ததைக் கண்ட அனல்நிலையத்து வக்கீல்கள் வாய்திறக்கப் பார்த்தார்கள். ஆனால் வடக்கே கிடந்த தலைகளும் வெள்ளைத் தரையில் தெளிவாகக் கிடந்தன, அவற்றை உதறிவிட அவர்களாலும் முடியவில்லை. வழக்கு சாகவில்லை, செயிக்கவும் இல்லை, நடந்துகொண்டிருக்கிறது. பர்னபாஸ் ஆலைத் தலைவர் பதவியை விட்டார், விட்டார் என்பதைவிட இறக்கிவிட்டார்கள் என்பதுதான் சரி. ஆலை அந்த மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்தது. பெண்கள் சிலர் கேரளத்துக்கு இறால் உரிக்கப் போனார்கள், போனவர்களில் இரண்டு பேர் ஊருக்கு வரவே இல்லை, அவர்களுடைய அம்மாக்கள் ஜெசிந்தாவைத் தெருவில் கண்டால் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் நின்று வாங்கிக்கொண்டாள். தை கழிந்து, கடலைத்தோல் எரிக்கும் கொதிகலனும் புகையைக் கழுவும் தொட்டியும் வைத்து ஆலை மறுபடி ஓடியது, நாளுக்கு ஒரு ஷிப்டு மட்டும். பெல்சி மூட்டை தைக்கப் போனாள், வந்தாள், சமைத்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள். மதினியிடம் ஒரு சொல் பேசவில்லை. விருந்து வைக்கவில்லை. ஊரிலும் அதன்பிறகு எந்தக் குழந்தைக்கும் பாயாசம் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

வயசானவர்களின் நெஞ்சு எதையும் மறப்பதில்லை. பர்னபாஸ் டயர் நின்ற பிறகும் வடக்கேதான் தலைவைத்து எழுந்தார், ஆலையைப் பார்த்து.

ஆல்வின் நடக்கத் தொடங்கி, விழுந்து, மறுபடி நடந்து, ‘தாத்தா’ என்று சொல்லப் பழகியிருந்த ஒரு பங்குனி மாதத்துக் காலையில், ஜெசிந்தா அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கதவருகே நிழல் தட்டியது. பெல்சி நின்றாள். தலைவாராமல், கண்ணில் தூக்கம் போகாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மதினி” என்றாள். “வந்து பாருங்க.”

இரண்டு பேரும் பூனைபோல நடந்து அறைக்குப் போனார்கள். பர்னபாஸ் ஏற்கனவே அங்கே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். பாயில் ஆல்வின் கிடந்தான்: ஒரு கால் அத்தையின் தலையணைமேல், ஒரு கால் பாய்க்கு வெளியே, பிட்டத்தைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் தாத்தாவின் பழைய லுங்கியில் புதைத்து, தலை தென்மேற்கிலோ என்னவோ, எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் உறங்குகிற மாதிரி எந்தத் திக்கும் இல்லாமல். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரண்டு வேறெங்கோ போனான். மூச்சில் சத்தம் இல்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. எழுப்பிவிடக் கூடாதே என்று மூன்று பேரும் அசையவில்லை.